மஞ்சள் லேபிள்

லட்சுமியம்மாள் இடது கையால் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

பானையைக் கணவர் திம்மராயன் அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருந்தார். கோணிச்சாக்கைச் சுருட்டிப் பானைக்கு அணைவாகக் கொடுத்து, அதைப் பாதங்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் துடுப்பைச் சுழற்றினாள். வலது கை முழங்கைக்குக் கீழே வெள்ளைத் துணிக்கட்டுக்குள் கிடந்தது. களி கிண்டுவது இரண்டு கை வேலை. ஒரு கைக்கு மாவு கட்டுப்படவில்லை. ஒரு பக்கம் இறுகியது, ஒரு பக்கம் கூழாகவே நின்றது. மகள் மேகலா கிண்டலாம் என்றால் அவளுக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கென்று தாய்வீடு வந்திருந்தாள். குனியக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை மாதேஷ் கூடத்தில் நீல நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் அவனுக்கென்றே வாங்கிய நாற்காலி அது. மேலே துவைத்த துண்டு வேறு விரித்திருப்பார்கள்.

"குடுங்க அத்த, நான் கிண்டறன்," என்று எழுந்தான்.

"அய்ய, நீங்க உக்காருங்க மாப்ள. மாமியா வூட்ல மாப்ள களி கிண்டுனாருன்னு ஊரு பேசறதுக்கா?"

உட்கார்ந்தான். அந்த வீட்டில் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். குழம்பில் உப்பு போதவில்லை என்று அவன் சொன்னால், உப்பு சரியாக இருந்தாலும் இன்னொரு கல் போடுவார்கள். மூன்று வருஷமாக அந்த மரியாதையை மாதேஷ் நன்றாகவே அனுபவித்து வந்தான். இப்போது இரண்டு நாளாக அது அவனை உட்காரவிடாமல் குத்தியது. மாமியாரின் கை வெந்தது அவனால். அவளோ களித்தட்டில் கீரைக் கடைசலை இடது கையால் ஊற்றிவிட்டு, "எடக்கையில போடறன்னு தப்பா நெனச்சிக்காதீங்க," என்றாள்.

தப்பு நினைக்க வேண்டியது யார் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை.

மாதேஷ் மத்திகிரியில் லைன் வீட்டில் குடியிருக்கிறான். ஓசூரில் பேட்டரி பேக் கட்டும் கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் வேலை. பெண் பார்க்க வந்தபோது அவனுடைய பெரியப்பா "பையன் பேட்டரி கம்பெனில டெக்னீசியன்" என்று சொன்னார். திம்மராயன் அதை ஊருக்குள் கொண்டுவந்தபோது "நம்ம மாப்ள பேட்டரியே செய்யறாரு" என்று ஆகிவிட்டது. மாதேஷ் பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது. யாரையும் அவன் திருத்தவில்லை, அவ்வளவுதான். உண்மையில் பேட்டரி செய்யும் இடம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நீல அங்கி போட்டவர்கள் மட்டும் அங்கே போவார்கள். இவன் வேலை இந்தப் பக்கம்: செய்து முடித்து வரும் பேக்கின் தலையில் மஞ்சள் லேபிள் ஒட்டுவது. ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம். காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது, அம்புக்குறி மேல்பக்கம் பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் பார்ப்பது அந்த இரண்டைத்தான். இவனும் அந்த இரண்டைத்தான் பார்த்தான்.

பொங்கலுக்கு வந்தவன் சனிக்கிழமையும் தங்கினான். மா மரங்கள் பூவெடுத்திருந்தன. வேப்பனப்பள்ளிப் பக்கம் தையில் பனி இறங்கும்போது தோட்டம் முழுக்கப் பூவாசம் தலைவலி வரும் அளவுக்கு நிற்கும். அந்த வருஷம் பூவோடு தத்துப்பூச்சியும் வந்துவிட்டது. பூ விரிந்து தேனீ வருவதற்குள் மருந்து அடித்து முடிக்க வேண்டும். இருந்தது இரண்டே நாள். திம்மராயன் வீட்டில் பேட்டரி ஸ்ப்ரேயர் இரண்டு. பக்கத்துத் தோட்டத்துக் கெம்பம்மாளிடம் இரண்டு. அவளும் திம்மராயனும் இந்த வேலையை மாற்றி மாற்றிச் செய்துகொள்வார்கள். முதலில் இவர் தோட்டம், அப்புறம் அவள் தோட்டம். மிஷின் நாலு இருந்தும் சார்ஜர் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. ஒன்றை எலி கடித்திருந்தது, இன்னொன்று வாய்க்காலில் விழுந்தது, மூன்றாவதைக் காணவே காணோம். சனிக்கிழமை காலையில் அடித்துவிட்டு வந்தால் மூன்று பேட்டரி காலி. ஒன்று மட்டும் சார்ஜ் ஏறி நிறைந்து இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி இறங்க வேண்டும்.

"பேட்டரி செய்யற மாப்ளய வூட்ல ஒக்கார வச்சிக்கினு, நம்ம ஒன்னொன்னா சொருகிக்கினு கெடக்கறமே," என்றாள் கெம்பம்மாள். அவளுக்கு வாய் எப்போதும் அப்படித்தான். கன்னடமும் தமிழும் கலந்து யாரையாவது சீண்டிக்கொண்டே இருப்பாள். "இன்னா மாப்ள, ஒங்க படிப்பு இதுக்கு ஒதவாதா?"

அங்கேதான் மாதேஷ் எழுந்தான். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன்; ஒயர் சீவத் தெரியும். செத்துப்போன சார்ஜர்களின் பின்களையும் பழைய ரேடியோ ஒன்றின் பின்னையும் வெட்டி எடுத்தான். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு முறுக்கி, டேப் சுற்றினான். ஒரு சார்ஜர் ஒயர் நாலு வாயாகப் பிரிந்தது. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. கூடத்தை ஒட்டிய மூட்டை ரூமில், ராகி மூட்டைகளுக்குப் பக்கத்தில், நாலு பேட்டரியையும் வரிசையாக அடுக்கினான்.

திம்மராயன் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பார்த்தார். அவர் அதிகம் பேசும் ஆளில்லை.

"மாப்ள, ஒன்னு கேக்கறன். தப்பா நெனச்சிக்காதீங்க."

"கேளுங்க மாமா."

"இது ஒன்னு நெறஞ்சி இருக்குது. இது மூனும் காலி. நெறஞ்ச தொட்டியயும் காலித் தொட்டியயும் ஒரே பைப்புல சேத்தா, அந்தத் தண்ணி இதுல ஒரே பாய்ச்சலா பாயுமே. பைப்பு தாங்காது. கரண்டு அப்பிடி இல்லீங்களா?"

மாதேஷுக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல அந்த நீல நாற்காலி விடவில்லை.

"அதெல்லாம் உள்ள சர்க்யூட் இருக்குது மாமா. அதே பாத்துக்கும்."

"அப்பிடீங்களா. சரி சரி. நமக்கு இன்னா தெரியும்," என்றார் திம்மராயன், நிஜமாகவே மனநிறைவோடு.

நிறைந்திருந்த பேட்டரியைக் கடைசியாகச் சொருகியபோது பின்னில் பளிச்சென்று ஒரு பொறி தெறித்தது. கெம்பம்மாள் பின்வாங்கினாள். "அது கரண்டு பாயுது, அவ்ளதான்," என்றான். கொஞ்ச நேரத்தில் ஒயர் சூடானது. "சார்ஜ் ஏறும்போது சூடாகத்தான் செய்யும்," என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவினார்கள். மேகலா உள் அறையில் படுக்கப் போனாள். லட்சுமியம்மாள் அடுப்படியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். திம்மராயனும் கெம்பம்மாளும் தோட்டத்து முனையில் மருந்து கலக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாதேஷ் நாற்காலியில் கண் அசந்தபோது மூட்டை ரூமிலிருந்து சீறல் கேட்டது. வெள்ளைப் புகை கதவிடுக்கில் தள்ளிக்கொண்டு வந்தது. நாற்றம் தொண்டையை அடைத்தது.

மாதேஷ் எழுந்தான். வாசல் வழியாக வெளியே ஓடினான்.

ஓடியது அவன்தானா என்று பிற்பாடு பலமுறை அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். மூட்டை ரூம் இடது கைப்பக்கம். மேகலா படுத்திருந்த அறை எதிரே. அவன் கால்கள் இரண்டு பக்கமும் திரும்பாமல் நேராக வாசலுக்கு, அங்கிருந்து களத்துக்கு, களத்தைத் தாண்டி வைக்கோல் போருக்கு அந்தாண்டை போய்த்தான் நின்றன. அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது, லட்சுமியம்மாள் எரிகிற பேட்டரி இரண்டையும் வெறுங்கையால் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது. அவள் உதறிவிட்டு மறுபடி உள்ளே போய், எரியாத இரண்டைக் காலால் உதைத்து வெளியே தள்ளினாள். சாக்கு பற்றியது. பானைத் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். மேகலா சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வெளியே வந்தாள்.

"மண்ணு எடுக்கப் போனன்," என்றான் மாதேஷ், களத்துக்குத் திரும்பி வந்து. அவன் கையில் மண் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

ஓடி வந்த கெம்பம்மாள் வெந்த கையைப் பார்த்துவிட்டு, "ஏனூ ஆகில்ல பிடு, லட்சுமி, ஏனூ ஆகில்ல," என்று ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்றே சொல்லிக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது திம்மராயன் மெல்லக் கேட்டார்: "எதுனால மாப்ள இப்பிடி ஆச்சி?"

"சார்ஜர் மட்டமா இருந்திருக்கும் மாமா."

அது தானாக வந்து விழுந்தது. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. ஆனால் திம்மராயன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை போட்ட ஜாயின்ட்டில் தப்பு இருக்காது, அப்படியென்றால் சார்ஜர்தான். சார்ஜர் விற்றது வேப்பனப்பள்ளிக் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் சின்னராஜ். ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள், சின்னராஜ் மட்டமான சார்ஜரை விற்று ஒரு பொம்பளையின் கையை வேகவைத்துவிட்டான் என்பது ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. திங்கட்கிழமை கடைக்கே போய்க் கேட்பது என்று முடிவானது. கெம்பம்மாளும் வருகிறாள், எரிந்த இரண்டில் ஒன்று அவளுடையது.

"நீங்களும் வாங்க மாப்ள. டெக்னிக்கலா நீங்க பேசுனாத்தான் அவன் வாயடைப்பான்," என்றார் திம்மராயன்.

கிளம்பும் முன் மேகலா அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீங்க அங்க லேபிள்தான ஒட்றீங்க."

அவன் சட்டையை வாங்கிக்கொண்டான்.

"மூனு வருசமா எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. நான் ஒரு நாளும் வாயத் தெறக்கல. இன்னிக்கி நானே சொல்லிடட்டுமா?"

"வேணாம். பாத்துக்கறன்."

"அந்த சின்னராஜ் மாமா என் ஸ்கூல் பேக்குக்கு ஜிப்பு வச்சிக் குடுத்தவரு. காசு கூட வாங்கல," என்றாள்.

சின்னராஜின் கடை பத்தடிக்குப் பத்தடி. தாமிரக் கம்பிச் சுருளுக்கு நடுவில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். போர்வெல் மோட்டார் எடுத்துவந்த இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். சார்ஜரையும் பேட்டரிகளையும் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்த உரச்சாக்கைத் திம்மராயன் அவர் முன்னால் வைத்தார். வாழ்க்கையில் சண்டை போட்டுப் பழகாதவர், குரல் நடுங்கியது.

"ஏன் சின்னராஜு, நம்பித்தான ஒங்கிட்ட வாங்குறம். இப்பிடி மட்டமான சார்ஜரக் குடுத்து எங்க வூட்டுப் பொம்பள கையவே வேக வச்சிட்டியே. வூட்ல ஏழு மாசப் புள்ளத்தாச்சி இருக்குது. எதுனா ஆயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தெருவில் போன ஒருவரும் நின்றார். சின்னராஜின் முகம் செத்துப்போனது. "லட்சுமியம்மாவுக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சாக்கைப் பிரித்தார்.

சார்ஜரை எடுத்து மீட்டரில் தொட்டார். மறுபடி தொட்டார். "இது நல்லாத்தான இருக்குது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் கருகிய ஒயர்க் கட்டு கையில் சிக்கியது. டேப் உருகி, நாலு வாயும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஜாயின்ட் யாரு போட்டது?"

மாதேஷ் பெஞ்சுக்குப் பின்னால் ஓரமாக நகர்ந்தான்.

"நாலு பேட்டரியயும் ஒன்னா கோத்து வச்சிருக்குது. ஒன்னு ஃபுல்லா இருந்துச்சா?"

"ஆமா," என்றார் திம்மராயன்.

"மத்தது காலி?"

"ஆமா."

"அதான் வெனை. சார்ஜர் பாவம், அது கொஞ்சங் கொஞ்சமாத்தான் குடுக்கும். நெறஞ்ச பேட்டரி அப்பிடி இல்ல. காலியா இருக்கறதுக்குள்ள ஒரே பாய்ச்சலா பாயும். ஒயர் உருகும், ஒன்னோட ஒன்னு ஒட்டும். லித்தியம் அதுக்கு மேல தாங்காது. பொறி அடிச்சிருக்குமே, பாக்கலியா? ஒயர் சுட்டிருக்குமே?"

திம்மராயன் அப்போதுதான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். தொட்டியும் பைப்பும் என்று தான் கேட்டது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கோபம் இல்லை அந்தப் பார்வையில். விளங்கிவிட்டது, அவ்வளவுதான். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான் போட்டன்," என்றார்.

கெம்பம்மாள் வாயைத் திறந்தாள். திம்மராயனின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"நீயா? ஏம்ப்பா, தல நரச்ச மனுசன், ஒனக்கு ஏன் இந்த வேல? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா ஆவாதா? ஒரு சார்ஜர்ல ஒரு பேட்டரி. அது ஏறுன பின்ன கழட்டிட்டு அடுத்தது. நாலும் ஏத்தணும்னா அதுக்குன்னு நாலு வாய் சார்ஜர் இருக்குது, ஒவ்வொரு வாய்க்கும் உள்ள தனித்தனியா கட்டுப்பாடு வச்சிருப்பான். அதயும் சிமென்டுத் தரையில, பக்கத்துல ஆளு இருக்கறப்ப போடணும். நீ எங்கியோ மூலையில வச்சிட்டு வேற வேலைக்கிப் போயிருப்ப. செஞ்சதும் செஞ்சிட்டு, என் கடைக்கி வந்து நாலு பேரு முன்னால என்ன மட்டமானவன்ற."

"தப்புதான்," என்றார் திம்மராயன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

சின்னராஜ் எரியாத பேட்டரி ஒன்றைத் துணியால் துடைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். கரி போனதும் மஞ்சள் லேபிள் தெரிந்தது.

"படிக்கத் தெரியாதவங்களுக்குன்னே படம் போட்டிருக்கான், பாரு. ஒரு சார்ஜர், ஒரு பேட்டரி, டிக்கு. ரெண்டு பேட்டரிய கோத்த மாதிரி படம், அது மேல செவப்புல குறுக்குக் கோடு. எவனோ ஒருத்தன் எங்கியோ உக்காந்துக்கினு ஒரு குமிழு இல்லாம எவ்ளோ சுத்தமா ஒட்டியிருக்கான். அவன் வேலய அவன் ஒழுங்காச் செஞ்சிருக்கான். நீ பாக்கல."

அம்புக்குறி மேல்பக்கம் பார்த்து நின்றது. மூன்று வருஷத்துக்கு மேலாக அவன் விரல் நுனியில் இருந்த அதே லேபிள். அதில் படம் இருப்பது மாதேஷுக்குத் தெரியும். அது என்ன படம் என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. பெஞ்சில் இருந்த இருவரும் திம்மராயனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலை அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, ஜாயின்ட் போட்டது நான்," என்றான். "மாமா இல்ல. அவரு அப்பவே சந்தேகமா கேட்டாரு. நான்தான் கேக்கல."

"மாப்ள, சும்மா இருங்க," என்றார் திம்மராயன்.

"நான் பேட்டரி செய்யறதில்ல மாமா. எனக்கு அதப் பத்தி ஒன்னும் தெரியாது. லேபிள் ஒட்றன். இந்த லேபிள்தான். சார்ஜர் மட்டம்னு சொன்னதும் நான்தான். அண்ணா மேல தப்பு இல்ல."

மூன்று வருஷமாக ஊருக்குள் "பேட்டரி செய்யறாரு" என்று சொல்லித் திரிந்த திம்மராயன் தரையில் கிடந்த கம்பித் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானம் எல்லாம் தன்னுடையது என்று நினைத்து மாதேஷ் வாய் திறந்தான். அதில் பாதிக்குமேல் அவர் தலையில்தான் விழுந்தது.

சின்னராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து அலமாரியிலிருந்து நாலு வாய் சார்ஜரை எடுத்து வைத்தார். "பூ விரியறதுக்குள்ள அடிச்சி முடிங்க. அப்புறமா திருப்பிக் குடு. எரியாத ரெண்டு பேட்டரியும் உப்பியிருக்குது, அதத் தொடாதீங்க, இங்கயே மண்ணுல பொதச்சி வக்கறன். வேற ரெண்டு தரன்," என்றார் திம்மராயனிடம். மாதேஷை அவர் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோ வந்தது. எப்போதும் மாப்பிள்ளைக்கு உள்ளே நல்ல இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டுத்தான் திம்மராயன் ஏறுவார். அன்றைக்கு அவர் முதலில் ஏறி, சார்ஜரை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ முன்னால டிரைவர் பக்கத்துல உக்காரு," என்றார்.

நீ. மூன்று வருஷத்தில் முதல் தடவை. மாதேஷ் முன்னால் போய், டிரைவரின் சீட்டில் பாதியில் ஒட்டிக்கொண்டு வந்தான். அந்த 'ங்க' இனிமேல் வராது என்று அவனுக்குத் தெரிந்தது. வழி முழுக்கக் காற்று கண்ணில் அடித்தது; நல்லதாகப் போயிற்று.

சாயங்காலம் வரை கைப்பம்பை முதுகில் கட்டிக்கொண்டு இளமரங்களுக்கு மருந்து அடித்தான். யாரும் செய் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது புதிதாக வந்த இரண்டு பேட்டரியும் முற்றத்துச் சிமென்டுத் தரையில் தனித்தனி வாயில் ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மேகலா மணைபோட்டு உட்கார்ந்து காவல் இருந்தாள். நீல நாற்காலியில் துண்டு விரித்திருக்கவில்லை. கூடத்தில் லட்சுமியம்மாள் களிப்பானையைக் கால்களுக்கிடையில் அணைத்துக்கொண்டு இடது கையால் துடுப்பைப் பிடித்திருந்தாள்.

திம்மராயன் உள்ளேயிருந்து வந்தார். "அந்தத் துடுப்ப அவன்கிட்ட குடு," என்றார் மனைவியிடம்.

அவள் கணவனைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்திருந்தது. துடுப்பைக் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மாதேஷ் பானையைப் பாதங்களால் அணைத்தான். சூடு சாக்கைத் தாண்டிக் காலைத் தொட்டது. இரண்டு கையாலும் குத்திச் சுழற்றினான். மாவு அவன் சொல்வதைக் கேட்கவில்லை. ஆவி முகத்தில் அடித்தது. அவளை நிமிர்ந்து பார்க்காமல், பானைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அத்த, அன்னிக்கி நான் மண்ணு எடுக்கப் போகல. பயந்து ஓடிட்டன். மேகலா உள்ள இருந்தது கூட..."

"பாத்தன்," என்றாள் லட்சுமியம்மாள்.

முற்றத்தில் மேகலா திரும்பவில்லை. பேட்டரியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதேஷின் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாத," என்றாள் லட்சுமியம்மாள். கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "கட்டி வுழுவுது பாரு. நல்லா அழுத்திக் கிண்டு."